சமூக அறக்கட்டளை நிதியும் எங்கள் தமிழ்ப் பள்ளி பட்ட பாடும்

"உங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை." ஊர் மக்கள் தரும் பணத்தைச் சேர்த்து வைத்து ஊர் நன்மைக்கு வழங்கும் சமூக அறக்கட்டளையிடம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு நிதி கேட்டபோது, முதல் சுற்றில் கிடைத்த பதில் இந்த ஒற்றை வரிதான். எந்தத் தாள் குறைகிறது, எதைச் சேர்த்தால் சரியாகும், ஒரு விளக்கமும் இல்லை. அடுத்த சுற்றில் பணம் வந்துவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த வரியை நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் விடுபட்ட அந்தத் தாள் தேவையில்லை என்று சொன்னதே அவர்கள் அலுவலகம்தான்.

நாங்கள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஒரு புறநகரில், சனிக்கிழமைதோறும் பொதுப்பள்ளி வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். சம்பளம் வாங்குபவர் ஒருவரும் கிடையாது. வாடகைக் கட்டடம் என்பதால் ஒரு புத்தகத்தைக்கூட அங்கே விட்டுவர முடியாது. பிள்ளைகளுக்கான தமிழ்க் கதைப் புத்தகங்கள், அவற்றை வைத்து உருட்டிச் செல்லச் சக்கரம் வைத்த அலமாரிகள், பொது நூலகத்தோடு சேர்ந்து நடத்தும் கதை நேரம், இவ்வளவுக்கும் சேர்த்து 6,000 டாலர் கேட்பதாகத் திட்டம். எங்கள் கவுன்ட்டியில் உள்ள சமூக அறக்கட்டளை ஆண்டுக்கு இருமுறை லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் நிதி தருகிறது. ஒஹையோவில் இது புதிய சங்கதி அல்ல. 1914-இல் கிளீவ்லாந்தில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கியதுதான் உலகின் முதல் சமூக அறக்கட்டளை. அந்த மாதிரியைப் பார்த்துத்தான் ஊருக்கு ஊர் இவை முளைத்தன.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறக்கட்டளையின் இணையதளத்தில் நிதிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாம் விண்ணப்பிக்கவே முடியாது. பணம் போட்ட குடும்பமே யாருக்குக் கொடுக்கலாம் என்று கைகாட்டும் நிதிகள் அவை. நிபந்தனை எதுவும் இல்லாமல் ஊர் நன்மைக்கென்று விடப்பட்ட நிதியிலிருந்துதான் போட்டி முறையில் வழங்குவார்கள். "பொது விண்ணப்பத்துக்குத் திறந்திருக்கும் நிதி எது?" என்று தொலைபேசியில் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு கேள்வி பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

முதலில், எதற்காக நிதி வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆர்வக் கடிதம், ஒரு பக்கம். எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முழு விண்ணப்பத்தில் 501(சி)(3) எனப்படும் வரிவிலக்குத் தகுதியை உறுதி செய்யும் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித்துறை) கடிதத்தை இணைக்க வேண்டும். எங்கள் பள்ளி 2009-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. 2014 ஜனவரி முதல் வழங்கப்பட்ட கடிதங்களை ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தையவை அங்கே இல்லை. அன்றைய பொருளாளரை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். "ஒரு நீல ஃபைலில் வைத்திருந்தேன் அம்மா. வீட்டை விற்கும்போது நிலவறையில் இருந்ததையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டோம்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அண்ணனை என்ன சொல்ல முடியும்?

அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி மிகக் கனிவாக, "ஐ.ஆர்.எஸ். தளத்தில் உங்கள் பெயர் வருகிறதல்லவா? அந்தப் பக்கத்தை அச்சிட்டு இணைத்துவிடுங்கள், போதும்" என்றார். அப்படியே இணைத்தோம். நிராகரித்தார்கள். பிறகு விசாரித்தபோது வேறொருவர் எடுத்து, "கடிதம்தான் வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறதே" என்றார். முன்பு பேசியவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனவே, தொலைபேசியில் சாதகமாக எதைச் சொன்னாலும், "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "ஆம்" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் ஒன்றுவிடாமல் அப்படித்தான் செய்தேன். என்னை ஒரு நச்சரிப்பாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள். பரவாயில்லை.

பழைய கடிதம் தொலைந்தவர்கள் பயப்பட வேண்டாம். தகுதி இன்னும் செல்லுபடியாகிறது என்று உறுதிசெய்யும் கடிதத்தை ஐ.ஆர்.எஸ்.ஸிடமே கேட்டு வாங்கலாம். அறக்கட்டளைகள் அதை ஏற்கும். ஆனால் ஐ.ஆர்.எஸ். பதிவேட்டில் உள்ள முகவரி பழையதாக இருந்தால், கடிதம் யாரோ ஒருவர் வீட்டுத் தபால் பெட்டிக்குப் போய்ச் சேரும். எங்கள் பதிவேட்டில் இருந்தது, நீல ஃபைலோடு விற்கப்பட்ட அந்த வீட்டின் முகவரி. பொறுப்பாளர் மாறினால் 60 நாட்களுக்குள் 8822-பி படிவத்தை அனுப்ப வேண்டும் என்பது விதி. நிர்வாகக் குழு ஆண்டுதோறும் மாறும் நம் சங்கங்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? முகவரியை மாற்றுவதும் இதே படிவத்தில்தான். முதலில் இந்தப் படிவம், பிறகு கடிதம். வரிசை மாறினால் அலைச்சல்தான்.

ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத அமைப்புகள் ஆண்டுதோறும் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் 990-என் என்ற மின் அஞ்சலட்டையை மட்டும் தாக்கல் செய்தால் போதும். சில நிமிட வேலைதான். ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே பறிபோகும். எங்கள் பழைய பொருளாளர்கள் ஃபைலைத் தொலைத்தாலும் இதை ஒருமுறையும் தவறவிடவில்லை. அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

தவறவிட்டது வேறொன்று. ஒஹையோவில் லாப நோக்கற்ற அமைப்புகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தாம் இன்னும் இயங்குவதாக மாநிலச் செயலர் அலுவலகத்தில் ஓர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 25 டாலர். செய்யாவிட்டால் பதிவு ரத்து. நினைவூட்டல், அமைப்பின் சார்பில் அரசுத் தபால்களைப் பெற நாம் பதிவு செய்துள்ள சட்டப்பூர்வ முகவருக்குப் போகும். எங்கள் முகவராக இருந்த நண்பர் எப்போதோ டாலஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இரண்டாம் சுற்றுக்கான தாள்களைச் சேகரிக்கும்போது மாநிலத் தளத்தில் எங்கள் பெயரைத் தேடினேன். பெயருக்கு நேரே "ரத்து" என்று இருந்தது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் வந்து ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாநிலத்தின் கணக்கிலோ நாங்கள் இல்லை! மீட்பது கடினமாக இருக்கவில்லை. படிவம், கட்டணம், சில நாள் காத்திருப்பு, முடிந்தது. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதைப் பார்த்திருந்தால் அந்தச் சுற்றும் போயிருக்கும். புதிய முகவராக இப்போது ஒரு பல் மருத்துவரைப் போட்டிருக்கிறோம். சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர், எளிதில் ஊரைவிட்டுப் போகமாட்டார்.

அடுத்து இடத்துக்கான கடிதம். நாங்கள் வகுப்பு நடத்தும் பள்ளி இந்தத் திட்டத்துக்குச் சம்மதிக்கிறது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். வரவேற்பில் இருந்தவர் என் ஓட்டுநர் உரிமத்தை ஸ்கேன் செய்தார். முகம் கோணலாக விழுந்த ஒரு படத்தோடு ஸ்டிக்கரை அச்சிட்டுக் கொடுத்து, அதைக் குர்த்தாவில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒட்டிக்கொண்டு நின்ற பிறகுதான், "முதல்வர் கோடை விடுப்பில் இருக்கிறார். இருந்தாலும் அவர் கையெழுத்திட முடியாது. வாடகை விஷயமெல்லாம் மாவட்டக் கல்வி அலுவலகம்தான்" என்றார். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். மாவட்ட அலுவலகத்தில் கட்டடங்களைப் பார்த்துக்கொள்பவரோ, மின்னஞ்சல் அனுப்பிய அன்று மாலையே கடிதத்தை அனுப்பிவிட்டார். நேரில் போனதெல்லாம் வீண். கோடையில் விண்ணப்பிப்பவர்கள் பள்ளி மூடுவதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

பொதுப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து தங்கள் வகுப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப்பள்ளி அரசு அமைப்பு என்பதால் 501(சி)(3) கடிதம் கேட்க மாட்டார்கள். ஆனால் வரி அடையாள எண் மாவட்டத்துடையதாக இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தனி அமைப்பு, அதன் எண்ணும் வேறு. என் தோழி ஒருத்தி சங்கத்தின் எண்ணைப் போட்டுவிட்டு, மாவட்டக் கண்காணிப்பாளரிடம் மறுபடி கையெழுத்துக்கு ஓடினாள்.

இரண்டாம் சுற்றில் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தபோது அறக்கட்டளையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "உங்கள் அமைப்பு மதம் சார்ந்ததா?" எங்கள் இணையதளத்தின் முகப்பில் பொங்கல் விழாப் படம் இருக்கிறது. கோலம், கரும்பு, மஞ்சள் கொத்துக் கட்டிய பானை, சுற்றிலும் பட்டுப்பாவாடையில் பிள்ளைகள். அதைப் பார்த்து வழிபாட்டுச் சடங்கு என்று எண்ணிவிட்டார்கள். மத நடவடிக்கைகளுக்கு நிதி கிடையாது என்பது அவர்களின் விதி. பொங்கல் என்பது அறுவடை விழா, எங்கள் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் கொண்டாடுகிறார்கள், பாடத்திட்டத்தில் மதம் இல்லை என்று விளக்கி எழுதினோம். கூடவே, இன்னொரு கேள்வி வருமுன் நாங்களே முந்திக்கொண்டோம். எந்த இனத்தவரும் சேரலாம் என்ற எங்கள் கொள்கையையும், தமிழரல்லாத மாணவர்கள் படிப்பதையும், நூலகக் கதை நேரம் ஊர் மக்கள் அனைவருக்கும் திறந்தது என்பதையும் எழுதினோம். உண்மையில் இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். "உங்கள் பிள்ளைகளுக்கு" என்பது அவர்கள் காதில் ஏறாது, "இந்தக் கவுன்ட்டியின் பிள்ளைகளுக்கு" என்பது ஏறும். இது எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். எங்கள் பிள்ளைகளும் இந்தக் கவுன்ட்டியின் பிள்ளைகள்தானே? ஆனால் பணம் அவர்களுடையது.

நிர்வாகக் குழுப் பட்டியலிலும் ஒரு முட்டுக்கட்டை. நம் சங்கங்களில் கணவர் தலைவராகவும் மனைவி பொருளாளராகவும் இருப்பது சாதாரணம், வேலை செய்ய ஆள் கிடைப்பதே அரிது. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் காசோலையில் கையெழுத்திடுவதை அறக்கட்டளை விரும்பவில்லை. கையெழுத்திடுபவரில் ஒருவரை மாற்றி, சொந்த நலனும் பள்ளியின் நலனும் மோதும்போது என்ன செய்வது என்று சொல்லும் நலன் முரண் கொள்கை ஒன்றையும் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பிய பிறகே நகர்ந்தது.

வரவு செலவுத் திட்டத்தில் "உங்கள் பங்கு என்ன?" என்று ஒரு கட்டம் உண்டு. கையில் காசில்லையே என்று அதை வெறுமையாக விடாதீர்கள். தன்னார்வலர் உழைப்பையும் கணக்கில் காட்டலாம். இன்டிபென்டன்ட் செக்டர் என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஒரு மணி நேரத் தன்னார்வப் பணியின் மதிப்பை வெளியிடுகிறது. 2024-இல் வெளியிட்டது 33.49 டாலர். எங்கள் ஆசிரியர்களின் சனிக்கிழமைகளை அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்தபோது, நாங்கள் கேட்ட தொகை அதன் பக்கத்தில் சில்லறையாகத் தெரிந்தது. எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

விடைகளை நேரடியாக அவர்கள் தளத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். சிறிது நேரம் கை வைக்காவிட்டால் வெளியேற்றிவிடும், எழுதியது போய்விடும். வேறிடத்தில் எழுதி ஒட்டும்போது எழுத்து வரம்பிலும் கவனம் வேண்டும். பத்தி இடைவெளியையும் அது எழுத்தாகவே எண்ணும். என் கணினியில் சரியாக இருந்த விடை அங்கே வரம்பை மீறி, கடைசி வாக்கியம் பாதியில் நின்றது.

அறக்கட்டளையிலிருந்து நேரில் பார்க்க வந்தவர் வகுப்புகளைச் சுற்றிப் பார்த்தார், சுண்டல் சாப்பிட்டார், போனார்.

4,500 டாலர் ஒதுக்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. கேட்டதில் கால் பங்கு குறைவு. திருத்திய திட்டம் கேட்டார்கள். எதை வெட்டுவது என்று குழுவில் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். கடைசியில் அலமாரியில் ஒன்றைக் குறைத்துப் புத்தகங்களை அப்படியே வைத்துக்கொண்டோம். குறைத்துத் தந்தால் எது போகும் என்பதை விண்ணப்பம் எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். காசோலை எங்கள் பதிவுப் பெயரில் வந்தது, வங்கிக் கணக்கோ சுருக்கப் பெயரில் இருக்கிறது. கைபேசியில் படமெடுத்துப் போட்டதை வங்கி ஏற்கவில்லை. பதிவுத் தாளோடு நேரில் போனதும் வேலை முடிந்தது.

இனி ஆண்டு முடிவில் அறிக்கை தர வேண்டும். தராதவர்களின் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று கேட்பார்கள் என்பதால், அலமாரி வந்த நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எடுக்கும்போது பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரு கதைப் புத்தகத்துக்கு இவ்வளவா?" என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.