சோறு தின்ன கோட்டு எதற்கு?

மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம், நான்கு ராத்திரி, அதில் ஒன்று 'ஃபார்மல் நைட்', அதாவது ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு மாதிரி விசேஷ உடையில் வரவேண்டும் என்று அறையில் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அத்தானுக்கு வந்ததே கோபம். லீவுக்குத்தானே வந்தோம், காசு கொடுத்துச் சோறு தின்ன கோட்டு எதற்கு என்று ஒரே சத்தம். அக்காவோ கசவுச் சேலையைத் தேய்த்து, பழைய பேப்பரில் பொதிந்து ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு அந்த ஒரு ராத்திரிதான் பயணமே.

எனக்குச் சிரிப்பு. இதே அத்தான் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றுவார். குனார்டு என்ற கம்பெனியின் கப்பல்களில் இந்த மாதிரி விசேஷ உடை ராத்திரிக்கு (அங்கே 'காலா' இரவு) அவரவர் நாட்டு விசேஷ உடையும் செல்லும். நார்வீஜியன் என்ற இன்னொரு கம்பெனியின் கப்பல்களில் 2000-லேயே இந்தக் கெடுபிடியைத் தளர்த்திவிட்டார்கள். எங்கள் கப்பலிலும் மேல்தளத்து பஃபேயில் யாரும் உடை பார்க்கவில்லை. சரி, அங்கே போயிருக்கலாமே? போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படம்தான் இப்போது அவருடைய வாட்ஸ்அப் முகப்பு.