கல்யாண பட்ஜெட்: நாங்கள் தலையை எண்ணித்தான் ஆரம்பித்தோம்

கல்யாணம் நிச்சயமானதுமே "முதல்ல மண்டபத்தைப் பிடி" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் எந்த அளவு மண்டபத்தைப் பிடிப்பது? நான் அழைப்புப் பட்டியலில் கை வைத்தேன். கண்டிப்பாக வரவேண்டியவர்கள், வந்தால் சந்தோஷப்படுவோம் என்பவர்கள், சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்தோம். மூன்றாவதுதான் மிக நீளம்!

சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் பாதி, மீதிக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு ரெடிமேட் கணக்கு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதை நான் தொடவில்லை. செலவில் இரண்டு ஜாதி உண்டு. ஆள் கூடினால் கூடுவது சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், தங்குமிடம், வண்டி. ஆள் எவ்வளவு வந்தாலும் மாறாதது போட்டோ, மேடை அலங்காரம், எங்கள் உடைகள். 300 பேர் 200 ஆனால் சாப்பாட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போட்டோகிராஃபருக்குக் கொடுப்பதில் ஒரு பைசா குறையாது. இது புரிந்த பிறகு பூ அலங்காரத்தில் பேரம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. பட்டியலைத்தான் வெட்டினோம்.

இரண்டு குடும்பமும் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதாகப் பேச்சு. சரிபாதி என்று அப்பா சொன்னதும், என் வருங்கால மாமியார்தான் குறுக்கிட்டார். "எங்க பக்கம் ஆளு ஜாஸ்தி சம்பந்தி, சாப்பாட்டை எப்படிப் பாதியா போடுறது?" அவர் சொன்னபடியே பொதுச் செலவு பாதி, சாப்பாடு அவரவர் அழைத்த தலைக்கு, உடை அவரவர் பாடு என்று முடிவானது. தன் நண்பர்களை எல்லாம் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்த என் பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எதிர்பாராத செலவுக்கென்று மொத்தத்தில் 10 சதவீதத்தை முதலிலேயே ஒதுக்கிவைத்தோம். மிச்சமிருந்தால் ஒதுக்கலாம் என்று விட்டால் மிச்சமே இருக்காது. அன்பளிப்பாக வரக்கூடிய பணத்தை வரவில் எழுதவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வராத பணத்தை நம்பி எப்படி அட்வான்ஸ் கொடுப்பது?

கொட்டேஷன்களை வாங்கி மேஜையில் வரிசையாகப் பரப்பியபோதுதான் சுவாரஸ்யம். மிகக் குறைவாகத் தெரிந்த சாப்பாட்டுக் கொட்டேஷனின் அடியில், பொடி எழுத்தில், "வரி தனி, பரிமாறும் ஆட்கள் தனி". இரண்டையும் கூட்டினால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விகள்: குறைந்தபட்சம் எத்தனை பேருக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும்? கடைசி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்லவேண்டும்? நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்புமா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

எக்ஸெல் ஷீட்டில் மதிப்பீடு, பேசிய தொகை, அட்வான்ஸ், பாக்கி என்று நான்கு பத்திகள் வைத்திருந்தேன். "பாக்கி எந்தத் தேதியில்?" என்று ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கச் சொன்னது வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பா. சேர்த்துப் பார்த்தால், பெரிய தொகைகள் எல்லாம் கடைசி இரண்டு வாரத்தில் வந்து நின்றன. என் ஃபிக்சட் டெபாசிட்டோ கல்யாணம் முடிந்த பிறகுதான் முதிர்வடையும். மொத்தக் கணக்கு சரியாகவே இருந்தது, பணம்தான் அன்றைக்குக் கையில் இருந்திருக்காது. கொஞ்சம் வட்டி போனாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே உடைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பணம் முழுக்க சித்தப்பா பொறுப்பு. ஒவ்வொரு பாக்கிக்கும் ஒரு கவர், மேலே பெயரும் தொகையும். சாப்பாட்டுக் கவரை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பந்தியிலும் தானே நின்று எண்ணி, எண்ணிக்கையை எழுதி, கேட்டரிங்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுத்தார்.