வள்ளிமலைக் காற்றும் 800 கிராம் ஸ்டாண்டும்

நேற்று இரவுதான் வேலூர் பக்கத்து முருகன் தலமான வள்ளிமலையிலிருந்து திரும்பினோம். பயணத்துக்கு ஏற்ற, எடை குறைந்த மியூசிக் ஸ்டாண்டு எது என்று எழுதுவதாக எங்கள் திருப்புகழ்க் குழுவில் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோ விஷயம்.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நான்கு பேருக்கு 700 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். அடிவாரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் 800 கேட்டார். "அந்தக் கம்பிப் பை லக்கேஜ்தானே?" என்றார். வழி முழுக்க என் மடியில் இருந்த மியூசிக் ஸ்டாண்டுக்கு 100 ரூபாய்! அது மடக்கினாலும் அரை மீட்டர் நீளம், தோள்பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவர் கண்ணில் பட்டது. சண்டை போட்டு 50 கொடுத்தோம். அந்த 50 ரூபாயை நினைத்தால் இன்னும் எரிகிறது.

சரி, பாடுகிறவருக்கு ஸ்டாண்டு எதற்கு? திருப்புகழ்ப் புத்தகம் கனமானது. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தாளம் போட்டால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். அதுவும் அங்கதாளம், பாட்டின் சந்தத்தைத் துண்டு துண்டாக எண்ணிப் போடும் தாளம். தகிட என்றால் ஒன்றரை, தகதிமி என்றால் இரண்டு என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். புத்தகம் நழுவுகிறதே என்று ஒரு நொடி கவனம் போனால் அந்த அடியே போச்சு. அதனால் ஆன்லைனில் 550 ரூபாய்க்கு ஒரு அலுமினிய ஸ்டாண்டு வாங்கினேன். 800 கிராம்தான். எடையை மட்டும் பார்த்து வாங்கியது தப்பு.

மலைமேல் முருகன் குகைக்குள் இருக்கிறார். பக்கத்துப் பாறையில் சமணர் குகையும் சிற்பங்களும் இருக்கின்றன. திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்ததும் சமாதியானதும் இங்கேதான். அந்த இடத்தில் உட்கார்ந்து பாட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. பாறையில் ஜமக்காளம் விரித்தோம், ஸ்டாண்டைப் பிரித்தேன். எவ்வளவு இறக்கினாலும் தட்டு என் முகத்துக்கு நேராகவே நின்றது. எங்கள் குருவின் தாளக் கை தெரியவே இல்லை. நின்று வாசிப்பவர்களையும் நாற்காலியில் உட்காருபவர்களையும் மனதில் வைத்துச் செய்த பொருள் அது. சம்மணம் போட்டு உட்காருகிற நமக்குக் குறைந்தபட்ச உயரம்தான் முக்கியம். அதை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

மூன்றாவது பாட்டு பாடும்போது காற்று வந்தது. பக்கம் பிடிக்கும் கம்பிகள் குட்டை, தடிப் புத்தகத்துக்கு எட்டவில்லை. தாள்கள் படபடத்தன, அப்புறம் ஸ்டாண்டே புத்தகத்தோடு சாய்ந்தது. ஸ்டாண்டின் கழுத்தில் இருந்த பிளாஸ்டிக் திருகு பாறையில் பட்டு விரிசல் விட்டது. உலோகத் திருகு இல்லாத ஸ்டாண்டை இனி இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். வயலின் வாசிக்கும் அண்ணன் ஒரு வழி சொன்னார்: நடுக்கம்பியில் தண்ணீர் பாட்டில் போட்ட பையைத் தொங்கவிட்டு, ஸ்டாண்டின் ஒரு காலைப் புத்தகம் சாயும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். செய்தோம், அதற்குப் பிறகு விழவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலின் எடையையும் சேர்த்தால் அது 800 கிராம் ஸ்டாண்டா?

மதியம் வேலூருக்கு வந்து ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். எண்ணெய்க் கத்திரிக்காய்! இலவம்பாடி முள் கத்திரிக்காய் என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள், உள்ளே வெண்ணெய் மாதிரி சதை. வேர்க்கடலையும் எள்ளும் அரைத்த மசாலா காய்க்குள் இறங்கியிருந்தது. நான்கு பேரும் இரண்டாம் முறை சோறு கேட்டோம். ஆளுக்கு 90 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த 50 இங்கே போயிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அப்புறம் லாங் பஜார். பித்தளைச் சாமான் கடை ஒன்றில் மரத்தால் செய்த வியாசபீடம் தொங்கியது. ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு பலகை, விரித்தால் எக்ஸ் மாதிரி நிற்கும். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதவும் இதே மாதிரிப் பலகைதான் வைப்பார்கள் என்றார் கடைக்காரர். 400 சொன்னார், 320-க்கு வாங்கினேன். அவர் தராசிலேயே நிறுத்தோம்: 650 கிராம். திருகு இல்லை, கால் இல்லை, மடக்கினால் பைக்குள் தட்டையாகப் படுத்துவிடுகிறது.

மாலையில் ரத்தினகிரி முருகன் கோயிலில் அதன்மேல் புத்தகத்தை வைத்துப் பாடினேன். காற்று அங்கேயும் இருந்தது. பக்க ஓரங்களில் இரண்டு துணிக் கிளிப் போட்டேன், போதுமாக இருந்தது. இரண்டு கையும் தாளத்துக்குக் கிடைத்தன, குருவின் கையும் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு அடிகூடத் தவறவில்லை.

நின்றுகொண்டு வாசிப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போனாலும் இரும்புக் கால் ஸ்டாண்டே வாங்கட்டும், மடக்கிய நீளம் தங்கள் பைக்குள் அடங்குகிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு. என் அலுமினிய ஸ்டாண்டை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். திருகை மாற்றிப் பார்க்கிறேன் என்றார்.