எங்கள் கருவிக்கு ஜாமீன் நின்ற சங்கம்

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. நூலின் முறுக்கை அளக்கும் ட்விஸ்ட் டெஸ்டர் செய்கிறோம். 2023 ஜூன் 8 முதல் 14 வரை இத்தாலியின் மிலானில் ஐடிஎம்ஏ கண்காட்சி நடந்தது. ஜவுளி இயந்திரம் செய்கிறவர்களுக்கு அது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. அதில் ஒரு மூலையில் இடம் கிடைத்தது. இரண்டு கருவிகளைக் கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு வர வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

கிளியரிங் ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வியே அங்கேதான் இருந்தது. "அண்ணா, இதை அங்க விக்கப் போறீங்களா, காட்டிட்டுத் திருப்பிக் கொண்டு வரப் போறீங்களா?" விற்பதற்கு என்றால் ஏற்றுமதி. காட்டிவிட்டு வருவது என்றாலும், இத்தாலி சுங்கத்துக்கு அது உள்ளே வரும் சரக்குதான். இறக்குமதி வரி, அதன்மேல் 22 சதவீத வாட், இரண்டுக்கும் ஈடாகப் பணம் கட்டிவிட்டு, திரும்பும்போது அந்தப் பணத்துக்கு அலைய வேண்டும். "கார்னெட் போட்ருங்க. ஃபிக்கில தருவாங்க" என்றார்.

ஃபிக்கி என்றால் டெல்லியில் மாநாடு நடத்தும், பட்ஜெட் அன்று டிவியில் கருத்துச் சொல்லும் பெரிய முதலாளிகள் சங்கம் என்றுதான் எனக்குத் தெரியும். 1927ல், காந்தியின் யோசனைப்படி, ஜி.டி. பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸும் தொடங்கியது என்று எங்கோ படித்த ஞாபகம். கணபதியில் லேத் ஓட்டுகிற எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. ஏடிஏ கார்னெட் என்பது சரக்குக்கான பாஸ்போர்ட் மாதிரி. 1961ல் போட்ட ஒரு சர்வதேச உடன்படிக்கையில் வந்தது. ஒரு கார்னெட்டின் ஆயுள் ஒரு வருடம். அதை அரசாங்கம் கொடுப்பதில்லை, வணிகச் சபைகள்தான் கொடுக்கின்றன. இந்தியாவில் அந்தப் பொறுப்பு ஃபிக்கியிடம், இத்தாலியில் அந்நாட்டுச் சபைகளின் ஒன்றியமான யூனியன்கேமரேயிடம். பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை இவர்களை ஒரே சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. நான் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால், இத்தாலி சுங்கம் கோயம்புத்தூரில் என்னைத் தேட வேண்டியதில்லை. தன் நாட்டுச் சபையிடம் கேட்கும், அது ஃபிக்கியிடம் கேட்கும், ஃபிக்கி கட்டிவிட்டு என்னிடம் வசூலிக்கும். வரியும், அதற்கு மேல் 10 சதவீதம் வரையும் அந்தப் பொறுப்பு. நம் ஊரில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதற்காகத்தான் நம்மிடம் டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் எஃப்டி ஒன்றை ஈடு வைத்து வங்கியில் உத்தரவாதம் எடுத்தோம்.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. பொருள் பட்டியல்தான் வேலை. என்ன பொருள், அடையாள எண், எத்தனை, எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்று வரிசையாக எழுத வேண்டும். கார்னெட் கைக்கு வந்தபின் பட்டியலில் ஒரு திருகாணியைக்கூடச் சேர்க்க முடியாது. திரும்பி வராத எதுவும் அதில் இருக்கக் கூடாது. கேட்லாக், கொடுக்கிற பேனா, ஓட்டிக் காட்டும்போது தீர்ந்துபோகும் நூல் கோன், இவை எல்லாம் வெளியே. நான் எட்டு கோன் எழுதியிருந்தேன், அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

வந்த கார்னெட்டில் பச்சை அட்டை, உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகத் தாள்கள். நாம் நாட்டை விட்டுப் போவதற்கும் வருவதற்கும் மஞ்சள், வெளிநாட்டில் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வெள்ளை. ஒவ்வோர் இடத்திலும் அதிகாரி வவுச்சரைக் கிழித்துக்கொண்டு, அடிக்கட்டையில் முத்திரை போட்டுத் தருவார். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, மொபைல் டார்ச்சை அடித்து, பித்தளைத் தகட்டில் வெட்டியிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். நான் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டும் ஒத்துப்போனபின்தான் முதல் மஞ்சளில் முத்திரை விழுந்தது. மிலானில் நுழையும்போதும் சிக்கல் இல்லை.

கடைசி நாள் துருக்கி மில்காரர் ஒருவர் வந்து, ஓட்டிக் காட்டிய கருவியையே கேட்டார், பணம் இப்போதே தருகிறேன் என்றார். ஊரில் என்றால் விட்டிருக்க மாட்டேன். அது கார்னெட் சரக்கு என்று சொல்லி, ஆகஸ்டில் புதிது ஒன்று அனுப்பினோம்.

தப்பு நடந்தது அன்று ராத்திரி. ஸ்டாலைப் பிரித்து விமான நிலையம் வந்தபோது நேரம் போய்விட்டது. பெட்டிகளைச் செக்-இன் செய்வதற்கு முன் சுங்கத்திடம் காட்டியிருக்க வேண்டும். நான் நேரே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். விமானம் கிளம்பிய பிறகு ஃபைலைத் திறந்தால், இரண்டாவது வெள்ளை அடிக்கட்டை வெறுமையாக இருந்தது. வவுச்சர் கிழிபடாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தாலியின் கணக்கில் என் கருவிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று அர்த்தம். அந்த ராத்திரி தூங்கவில்லை.

சென்னையில் இறங்கியதும், சுங்கத்திடம் காட்ட வேண்டிய சரக்கு வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய், நடந்ததை அப்படியே சொன்னேன். அதிகாரி எண்களைச் சரிபார்த்து, திரும்பி வந்ததற்கான மஞ்சளில் தேதியோடு முத்திரை போட்டார். அந்த ஒரு முத்திரைதான் எங்களைக் காப்பாற்றியது. சரக்கு இன்னொரு நாட்டுக்குள் வந்துவிட்டதாக அந்நாட்டுச் சுங்கம் எழுதித் தந்தால், அதைச் சான்றாகக் காட்ட விதியில் இடம் இருக்கிறது.

கார்னெட்டை ஃபிக்கியில் திருப்பிக் கொடுத்தபோது, வெளிநாட்டுச் சுங்கம் கார்னெட்டின் ஆயுள் முடிந்து ஒரு வருடம் வரை கேட்கலாம், அதுவரை உத்தரவாதத்தை விடுவிக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். எஃப்டி முடங்கியது. 2024 தீபாவளி முடிந்து, இத்தாலி சுங்கம் வரி கேட்கிறது என்று ஃபிக்கியிடமிருந்து கடிதம் வந்தது. சான்று கொடுக்க ஆறு மாதம் அவகாசம். மஞ்சள் அடிக்கட்டையின் நகல், போர்டிங் பாஸ், கருவிகள் பட்டறையில் இருக்கும் படம், எல்லாவற்றையும் அனுப்பினோம். அதற்கு அப்புறம் இத்தாலிக்காரர்களிடம் பேசியது நான் இல்லை. ஃபிக்கி யூனியன்கேமரேக்கு எழுதியது, அவர்கள் சுங்கத்துக்கு எழுதினார்கள். நான் தனியாக இருந்திருந்தால் எந்த அலுவலகத்துக்கு, எந்த மொழியில் எழுதியிருப்பேன்?

ஒழுங்குபடுத்தும் கட்டணமாக ஒரு சிறு தொகை கட்டினோம். வழக்கு முடிந்தது, உத்தரவாதக் கடிதம் திரும்பி வந்தது, எஃப்டி வீட்டுக்கு வந்தது.

அடுத்த கண்காட்சிக்குத் தம்பிதான் போகிறான். கார்னெட் ஃபைலின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்: "பெட்டி போடும் முன் வெள்ளை."