ஒன்பது வாரம் உருண்ட ஜாஸ்பர்

புனேயில் வேலை பார்க்கிறேன். நகரத்தைத் தாண்டிப் போனால் உழுத கரிசல் காட்டில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஜாஸ்பர் கற்கள் அங்கங்கே மேலே வந்து கிடக்கும், மழை பெய்த மறுநாள் பார்த்தால் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். தக்காண எரிமலைக் குழம்பு ஆறிய பிறகு அதன் பொந்துகளிலும் விரிசல்களிலும் சிலிக்கா கலந்த நீர் ஊறி உறைந்து உண்டான கல் இது. சிவப்பு, இரும்பு ஆக்சைடால் வருவது. இயந்திரத்தில் உருட்டி மெருகேற்றிப் பார்க்கலாம் என்று, காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன்.

வீட்டில் வைத்து முதலில் கத்தி முனையால் ஒவ்வொன்றையும் கீறிப் பார்த்தேன். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஜாஸ்பர் 6.5லிருந்து 7 வரை இருக்கும், கத்தி கீறாது. கீறல் விழுந்தவை கால்சைட் மாதிரி மென்மையான கற்கள், அவற்றைச் சேர்த்துப் போட்டால் அவை கரைந்து குழம்பாகிவிடும் என்பதால் தனியே எடுத்துவிட்டேன்.

இயந்திரம் அமெரிக்காவிலிருந்து நண்பர் கொண்டுவந்தது. சின்ன மோட்டார், இரண்டு உருளை, அவற்றின்மேல் படுத்தபடி சுழலும் ஒரு ரப்பர் டிரம், அவ்வளவுதான். 110 வோல்ட் என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் முழுத் தீர்வு இல்லை: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, அதனால் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கொஞ்சம் சூடும் ஆகும். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டேன்.

டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு கல், பெரிதும் சிறிதும் கலந்து. குறைவாகப் போட்டால் கற்கள் உருளாமல் விழுந்து மோதி உடையும். மேல் அடுக்குக் கல் லேசாக வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர், நான்கு மேசைக்கரண்டி கரடுமுரடான சிலிக்கான் கார்பைடு பொடி. உப்புத்தாளில் எண் ஏற ஏற நைஸாகும் இல்லையா, இதற்கும் அதே கணக்குதான்: முதலில் 60/90, அப்புறம் 120/220, அப்புறம் 500, கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் ஒரு வாரம், இரவு பகலாக.

ஏழாம் நாள் திறந்தபோது உள்ளே தோசை மாவுப் பதத்தில் சாம்பல் நிறச் சேறு. கழுவினேன், கற்கள் வழவழவென்று இருந்தன, மகிழ்ச்சியில் அடுத்த கட்டத்துக்கு மாற்றிவிட்டேன். அங்கேதான் தவறு நடந்தது. ஈரத்தில் எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும். துடைத்துக் காயவைத்துப் பார்த்திருந்தால் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் கண்ணில் பட்டிருக்கும். அந்தக் குழிகளில் கரடுமுரடான பொடி ஒட்டிக்கொண்டு கடைசிக் கட்டம் வரை கூடவே வந்து, மெருகு ஏற வேண்டிய பரப்பை எல்லாம் கீறியிருக்கிறது. நான்கு வாரம் முடிந்து வெளியே எடுத்தால் கற்கள் மங்கலாக, மெழுகு பூசியது போல். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இரண்டு நாள் தொடவில்லை. சரி, முதலிலிருந்தே போவோம் என்று மறுபடி 60/90. இந்த முறை இரண்டு வாரம், நடுவில் ஒரு முறை பழைய சேற்றைக் கொட்டிப் புதுப் பொடி போட்டேன். குழி போகாத கற்களையும் விரிசல் விட்டவற்றையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கினேன். தேய்ந்த அளவுக்குப் பீங்கான் மணிகள் போட்டு டிரம்மை நிரப்பினேன். கட்டம் மாறும்போதெல்லாம் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்து, டிரம்மின் மூடி விளிம்பு வரை கழுவினேன், ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. சேற்றைச் சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். நான் வாளியில் தெளியவிட்டு வெளியே மண்ணில் கொட்டினேன். பொடியை அளக்கும்போது முகக்கவசமும் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

என் சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அங்கிருந்து தூரமில்லை, அங்கே அகழாய்வில் கிடைத்த மணிகளில் ஜாஸ்பரும் உண்டு. மோட்டார் இல்லாத காலத்தில் இந்தக் கல்லைத் தேய்த்துத் துளையும் போட்டிருக்கிறார்கள் என்பதை, பல்துலக்கியோடு உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில்தான் சரியாக உணர்ந்தேன்.

மெருகு முடிந்ததும் சலவை சோப்பைச் சீவிப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி, கழுவி, துண்டில் பரப்பி, மின்விசிறிக்கடியில் நன்றாகக் காயவைத்தேன். ஒரு கிலோ நூறு கிராமில் ஆரம்பித்தது, மிஞ்சியது 700 கிராம் சொச்சம். கருஞ்சிவப்பில் மஞ்சள் வரி ஓடிய ஒரு கல்லை எடுத்துத் திருப்பினேன். காய்ந்த கல்தான், அதில் கூரையிலிருந்த டியூப்லைட் வளையாமல் நேர்க்கோடாகத் தெரிந்தது.