நெற்றிப்பொட்டில் ஓர் ஆணி ஓட்டை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, திரைமேலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைக் கட்டங்களின் கோடு, பக்கச் சுவரில் தொங்கும் திரைச்சீலைகளின் மேல்விளிம்பு, எதை நீட்டினாலும் இயேசுவின் வலது நெற்றிப்பொட்டில்தான் போய் முட்டுகிறது. அந்த இடத்தில் நிஜமாகவே ஓர் ஆணி ஓட்டை இருக்கிறது! ஆணியில் நூலைக் கட்டி இழுத்துக் கோடு பிடித்திருக்கிறார், நம் கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி.

விஷயம் இதுதான்: நம்மை விட்டு நேராக விலகிப் போகும் கோடுகள் எல்லாம் நம் கண் மட்டத்தில் ஒரே புள்ளியில் சேர்வதுபோலத் தெரியும், தண்டவாளம் மாதிரி. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இதைப் படம் வரைந்து, கண்ணாடியில் காட்டி நிரூபித்தார். அல்பெர்ட்டி என்ற அறிஞர் 1435இல் இதை எழுதியே வைத்தார்.

ஆனால் எனக்குப் பிடித்தது மசாச்சோ என்ற ஓவியன்தான். 1427 வாக்கில், 25 வயசுப் பையன், பிளாரன்ஸின் சான்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில் தட்டைச் சுவரில் ஒரு முழு மண்டபத்தையே குடைந்ததுபோல வரைந்துவிட்டான், நடுவில் சிலுவையில் இயேசு. சாந்தில் கீறிய கோடுகள் இன்றும் தெரிகின்றன. கோடுகள் சேரும் புள்ளியைச் சிலுவையின் அடியில், கீழே நிற்பவரின் கண் உயரத்தில் வைத்தான் பாருங்கள், அதனால்தான் மேலே இருக்கும் வளைவுக் கூரையை நிஜமாகவே அண்ணாந்து பார்ப்பதுபோல இருக்கிறது. அடுத்த வருஷமே செத்துப்போனான், பாவம்.

டாவின்சி அப்படிச் செய்யவில்லை. அவருடைய புள்ளி தரையிலிருந்து சுமார் 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓவியம் இருப்பது துறவிகள் சாப்பிடும் கூடத்தின் சுவரில்; ஏணி போட்டு ஏறினால் ஒழிய யாருடைய கண்ணும் அங்கே போகாது. அறை நிஜமென்று நம்பவைப்பதைவிட, எல்லாக் கண்களையும் அந்த முகத்துக்கு இழுப்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

சரி, ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், இயேசுவுக்குப் பின்னால் ஜன்னல்களில் மலைகள், மங்கலான நீலத்தில். தூரம் கூடக்கூட நீலமும் கூட வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார், நடுவில் இருக்கிற காற்றால். அந்தத் தூரத்துக்கு ஆணியும் இல்லை, நூலும் இல்லை.