மோத்தா வீட்டுப் பெண்

தூத்துக்குடிக்குள் இருந்தவரை என் பெயரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பள்ளியில் டீச்சர் வருகைப் பதிவேட்டை வாசித்தால் பர்னாந்து, கோமஸ், ரோச், கொரேரா, மச்சாது, வாஸ், மறுபடியும் பர்னாந்து, இன்னொரு பர்னாந்து என்று போகும். அந்த வரிசையில் நான் ஒரு மோத்தா. எண்ணிக்கையில் குறைவு என்பதைத் தவிர வேறு விசேஷம் கிடையாது. "மோத்தா, மொத்தம் எத்தனை பேருடே உங்க வீட்டுல?" என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள், அவ்வளவுதான்.

புனேவுக்கு வேலைக்குப் போனபிறகுதான் தொல்லை தொடங்கியது. மராத்தியில் 'மோட்டா' என்றால் பெரியவன். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துகளை (Motha) அவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். இந்தி பேசுபவருக்கோ அது குண்டு. நான் நாற்பத்தைந்து கிலோ. பார்சல் கொண்டுவரும் பையன் பெட்டியில் ஒட்டிய பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடத்தைக் கூப்பிடுங்க" என்பான். அலுவலகத்தில் பக்கத்து மேசை மராத்திக்காரி இன்னும் ஒருபடி மேலே போய், பெண் என்றால் 'மோட்டீ' என்றுதான் வரவேண்டும், உன் பெயரில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தாள்.

இதற்கெல்லாம் காரணம் ஆங்கில எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை 'ஹெச்'. எங்கள் கரையின் மற்ற குடும்பப்பெயர்கள் மாதிரி இதுவும் போர்ச்சுகலிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியத்தில் இந்தப் பெயருக்கு 'ஹெச்' கிடையாது. அவர்களுடைய 'டி' பல்லில் நாக்குப் படும் ஒலி, நம்முடைய 'த' மாதிரி. அதைக் காதால் கேட்ட நம் ஆட்கள் மோத்தா என்றார்கள். பிற்பாடு ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோது, கீதாவுக்கும் லதாவுக்கும் போடுகிற மாதிரியே 'டி'யோடு ஒரு 'ஹெச்' சேர்த்துவிட்டார்கள். ஆக எழுத்துக்கூட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், இது தமிழ் வாய் வழியாக வந்த பெயர் என்று.

போர்ச்சுகலில் 'மோத்தா' என்றால் ஆற்றங்கரையில் வெள்ளம் ஏறாமல் இருக்கக் கொட்டி உயர்த்திய மண்மேடு. அப்படிப்பட்ட மேட்டருகில் குடியிருந்தவர்களுக்கு அதுவே பெயரானது. இன்றைக்கு லிஸ்பனில் போய் இதே சொல்லைச் சொன்னால் மோட்டார் சைக்கிளைத்தான் காட்டுவார்கள். நம்மூர் ஊர்ப்பெயர், மரப்பெயர்கள் மாதிரிதான் இவையும். கொரேரா தோல்வார், மச்சாது கோடாரி, பெரேரா பேரிக்காய் மரம், லோபோ ஓநாய். எங்கள் தெருவில் கோடாரி வீட்டுக்கும் மண்மேட்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்று இருந்தது, அதைப் பற்றிய வழக்கும் இருந்தது.

சரி, போர்ச்சுகல் மண்மேடு எங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு எப்படி வந்தது? 1530களில் முத்துக்குளிப்பு உரிமையில் பெரிய தகராறு. கடற்கரைப் பரதவர், அதாவது எங்கள் ஆட்கள், ஒடுங்கிப்போன நேரம். அப்போது ஜோவான் தெ குரூஸ் என்ற குதிரை வியாபாரி யோசனை சொன்னார். அவரே கோழிக்கோட்டுக்காரர், லிஸ்பன் போய் ஞானஸ்நானம் வாங்கித் திரும்பியவர். அவர் சொற்படி பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று கடற்கரை முழுக்க ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து இறங்கியபோது, பெயர் மட்டும் கிறிஸ்தவமாகவும் ஜெபம் ஒன்றும் தெரியாமலும் இருந்த ஜனங்களைத்தான் பார்த்தார்.

அந்தப் பெயர்தான் விஷயம். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேண்டும். கப்பித்தானோ, சிப்பாயோ, வியாபாரியோ, குருவோ, யார் அந்த இடத்தில் நின்றார்களோ அவர்கள் குடும்பப்பெயர் ஞானப்பிள்ளைக்கு வந்தது. பரதவரின் சாதித்தலைவர்கூட குதிரை வியாபாரியின் தெ குரூஸ் பெயரையே எடுத்துக்கொண்டார். ஏதோ ஒரு மோத்தா எங்கள் பாட்டன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அவர் யார், எந்தக் கப்பலில் வந்தார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்கிற பெரியப்பா ஒருவர் இருக்கிறார், அவர் வருடத்துக்கு ஒரு கதை சொல்வார்.

அதனால் "நீங்க ஆங்கிலோ இந்தியனா?", "போர்ச்சுகீஸ் ரத்தமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இது ரத்த உறவு இல்லை, ஞான உறவு. எங்கள் ஆட்களிலேயே சிலர் மரபணுப் பரிசோதனை செய்து லிஸ்பனில் பாட்டன் தேடுகிறார்கள். எனக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், அந்நியப் பெயரை உதறித் தள்ளுங்கள் என்கிறவர்கள். ஐந்நூறு வருடம் உப்புக்காற்றில் கிடந்த பெயர் இன்னும் என்ன அந்நியம்? டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு டச்சுக் குடும்பப்பெயர்கூட இல்லை. ஆண்டதால் மட்டும் பெயர் ஒட்டாது.

பர்னாந்துதான் இதில் வேடிக்கை. போர்ச்சுகலில் அது ஆளுக்கு இடும் பெயர். குடும்பப்பெயராக வருவது பெர்னாந்தெஸ், பெர்னாந்தோவின் மகன் என்று பொருள். எங்கள் கரையிலும் இலங்கையிலும் இடுபெயரே குடும்பப்பெயராகிப் பெருகிவிட்டது. தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. தமிழில் அப்படித்தான் எழுதுவோம், ஆங்கிலத்தில் மட்டும் பெர்னாண்டஸ் ஆகிவிடுவார். ஊருக்கு வெளியே பலருக்குத் தெரியாத இன்னொன்று: நடிகர் ஜே.பி. சந்திரபாபு ரோட்ரிக்ஸ் குடும்பம். அந்த 'பி' எங்கள் பனிமய மாதாவின் தாசன், பனிமயதாஸ். பொன் தேர் செய்து 1806இல் அந்த மாதாவை ஏற்றி இழுக்கவைத்த சாதித்தலைவரின் பெயரைக் கேளுங்கள்: தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ். ஒரே ஆளுக்கு மூன்று குடும்பப்பெயர். எங்களுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது.

அதனாலோ என்னவோ அப்பா உலகத்தில் எங்கே மோத்தா இருந்தாலும் சொந்தம் கொண்டாடுவார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மாரத்தானில் தங்கம் வாங்கிய ரோசா மோத்தாவின் படத்தை ஆங்கிலப் பேப்பரிலிருந்து வெட்டி, மாதா படத்துக்குக் கீழே சட்டத்தின் இடுக்கில் செருகி வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, வாரிக் கட்டாத குட்டை முடி. அதற்கு முந்தைய லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு வெண்கலம். அப்பா அதையும் சேர்த்தே சொல்வார். "நம்ம புள்ள மூணாவது வந்துட்டு விட்டுரல, பாத்தியா?" அந்தம்மா பிறந்தது போர்த்தோவில். நம்ம புள்ளையாம்! அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அம்மா ஒரு பர்னாந்து. "ஊரு பூரா எங்க ஆளுக. நாங்க பேப்பரு வெட்டுதோமா?" என்பாள்.

நான் கல்யாணம் செய்ததும் ஒரு பர்னாந்துவைத்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. சான்றிதழ், பான் கார்டு, வங்கி எல்லாம் மோத்தா. அதையெல்லாம் திருத்த அலைவதைவிட ஒவ்வொரு விமான நிலையத்திலும் "இவர் என் கணவர்" என்று விளக்குவது சுலபம். மகள் பர்னாந்து. அண்ணனுக்கு இரண்டும் பெண்கள், அவர்கள் என்ன செய்வார்களோ அவர்கள் இஷ்டம்.

பெரியப்பா பேரன் ஒருவன் இருக்கிறான், பதினாலு வயது, கால்பந்துப் பைத்தியம். இத்தாலிக்கு ஆடிய தியாகோ மோட்டாவைப் பார்த்துவிட்டு ஜெர்சி முதுகில் நம் பெயரை அடித்திருக்கிறான். 'ஹெச்'சைத் தூக்கிவிட்டு இரண்டு 'டி' போட்டு. "அது நம்ம ஸ்பெல்லிங் இல்லடே" என்றேன்.

"தெரியும் அத்தை. ஆனா முதுகுல இதுதான் கெத்து."

அடுத்த மாதம் அவன் அணி புனேவுக்கு விளையாட வருகிறது.